ஐந்து வயது வரை பொறுக்கலாமா? பிறவி இடுப்பு மூட்டு விலகலும் அறுவை சிகிச்சையும்

கேள்வி: என் மகளுக்கு 2 வயது 1 மாதம். தலைப்பிள்ளை. வயிற்றில் தலை திரும்பாததால் சிசேரியன். 15-வது மாதம் நடக்கத் தொடங்கினாள். அன்றிலிருந்தே இடது பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள். வலி என்று ஒருநாளும் அழுததில்லை. ஓடுகிறாள், படி ஏறுகிறாள். சத்துக்குறைவு என்று கால்சியம் சிரப் கொடுத்ததில் ஆறு மாதம் போய்விட்டது. இப்போது எக்ஸ்ரே எடுத்ததில் இடது இடுப்பு மூட்டு பிறவியிலேயே விலகியிருக்கிறது என்கிறார்கள். 'அசிட்டாபுலர் இன்டெக்ஸ் வலது 21, இடது 40' என்று எழுதியிருக்கிறது. ஒரு டாக்டர், மூட்டைத் திறந்து சேர்த்து இடுப்பெலும்பை வெட்டித் திருப்ப வேண்டும் என்றார். இன்னொருவர், தொடை எலும்பையும் வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கலாம் என்கிறார். ஏற்கெனவே குட்டையாக இருக்கும் காலை இன்னும் குறைப்பதா? என் மாமியார், புத்தூர் கட்டுப் போட்டுப் பார்ப்போம், ஐந்து வயது வரை பொறுப்போம் என்கிறார். மார்பு வரை மாவுக்கட்டு போடுவார்களாமே, அதை எப்படிச் சமாளிப்பது? பிற்காலத்தில் பிரசவத்துக்கு இது தடையாகுமா?
— ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: ஓடியாடும் பிள்ளையை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்ப யாருக்கும் மனம் வராது. உங்கள் மாமியாரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கோளாறில் சிறு குழந்தைக்கு வழக்கமாக வலிக்காது. வலி பெரும்பாலும் வளர்ந்த பிறகுதான் தொடங்கும். அப்போது செய்வதற்கு மிச்சம் இருப்பது பெரும்பாலும் செயற்கை மூட்டு மட்டும்தான். அதனால் வலியை வைத்து நாள் குறிக்க வேண்டாம். வயதை வைத்துக் குறியுங்கள்.

வயது ஏன் முக்கியம் என்பதற்கு வீட்டு ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழவி சுற்றச் சுற்றத்தான் குழி வழவழப்பாகி ஆழமாகிறது. இடுப்பு மூட்டும் அப்படித்தான். தொடை எலும்பின் உருண்டைத் தலை குழவி. இடுப்பெலும்பில் இருக்கும் கிண்ணம் குழி. பிறக்கும்போது இரண்டும் பெரும்பகுதி குருத்தெலும்பு. தலை கிண்ணத்துக்குள் அமர்ந்து, குழந்தை காலை உதைத்து, தவழ்ந்து, நடந்து அழுத்தம் கொடுக்கக் கொடுக்கத்தான் கிண்ணம் ஆழமாக வளரும். தலை வெளியே இருந்தால் கிண்ணம் தட்டையாகிவிடும். காலியான இடத்தில் கொழுப்பும் நாரும் நிரம்பும். தலையும் தன் உருண்டை வடிவத்தை இழக்கும். கிண்ணத்துக்கு இப்படித் தன்னைத் திருத்திக்கொள்ளும் திறன் முதல் நான்கு வயதில் மிக அதிகம். அதன் பிறகு இறங்கிக்கொண்டே போய், எட்டு வயதை ஒட்டி மிகவும் குறைந்துவிடும். ஐந்து வயது வரை பொறுத்தால், குழந்தையின் உடம்பே இலவசமாகச் செய்துதர வேண்டிய வேலையில் பெரும்பங்கை இழக்கிறீர்கள்.

எக்ஸ்ரேயை நீங்களே ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடுப்பெலும்பின் நடுவே, இரு பக்கமும் கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு இடைவெளி கறுப்பாகத் தெரியும். அது இன்னும் எலும்பாகாத குருத்து. அந்த இரண்டு இடைவெளிகளையும் தொடும்படி ஸ்கேலை வைத்துக் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். கிண்ணத்தின் வெளிவிளிம்பிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு. இப்போது நான்கு கட்டங்கள் கிடைத்துவிட்டன. வலது பக்கம் தொடை எலும்பின் தலை, ஒரு வெள்ளைப் பொட்டு மாதிரி, உள்பக்கக் கீழ்க் கட்டத்தில் இருக்கும். இடது பக்கம் அது வெளிப்பக்க மேல் கட்டத்துக்குப் போயிருக்கும். வலதை விடச் சிறியதாகவும் இருக்கும். அறிக்கையில் இருக்கும் 21, 40 என்ற எண்கள் கிண்ணத்தின் கூரை எவ்வளவு சரிவாக இருக்கிறது என்பதன் அளவு. இரண்டு வயதில் இது சுமார் 20 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். 40 என்றால், சாய்வான ஓட்டுக் கூரையில் பந்தை வைத்த மாதிரி. உள்ளே தள்ளி வைத்தாலும் நழுவி வெளியே வரும். இடுப்பெலும்பை ஏன் வெட்டித் திருப்ப வேண்டும் என்பதற்குப் பதில் இந்த எண்ணில் இருக்கிறது.

வீட்டிலேயே இன்னொன்றையும் பார்க்கலாம். குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு முழங்கால்களையும் மடக்கி, பாதங்களைச் சேர்த்துத் தரையில் ஊன்றச் செய்து, கால்மாட்டில் உட்கார்ந்து பாருங்கள். இடது முழங்கால் தாழ்ந்திருக்கும். தொடை எலும்பு குட்டையாக இருப்பதால் அல்ல; தலை மேலேறிப் போனதால். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடை எலும்பைக் குறைப்பது பற்றிப் பேசும்போது இது வேண்டும்.

பெண் குழந்தை, தலைப்பிள்ளை, தலை திரும்பாத பிரசவம், இடது பக்கம்: இந்தக் கோளாறு அதிகம் வருவதாகப் புத்தகத்தில் சொல்லியிருக்கும் நான்கும் உங்கள் மகளிடம் இருக்கின்றன. அப்படிப்பட்ட குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் இடுப்புக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்திருந்தால், காலை மடக்கி அகட்டி வைக்கும் பாவ்லிக் வார்க்கட்டு ஒன்றைப் போட்டே பெரும்பாலும் சரிசெய்திருக்கலாம். சொல்லாமல் விட்டது மருத்துவத் துறையின் குறை. உங்கள் குறை அல்ல. நீங்கள் எண்ணெய் தேய்த்துக் காலை நீவிவிட்டதாலோ இடுப்பில் தூக்கி வைத்ததாலோ இது வரவில்லை. இடுப்பில் கால் அகட்டி வைத்துத் தூக்கும் நம் பழக்கம் மூட்டுக்கு நல்லதே. கெடுதல், பிறந்த குழந்தையின் காலை நேராக நீட்டித் துணியால் இறுக்கிச் சுற்றிக் கட்டுவதுதான்.

புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்குப் போடுவது. இங்கே எலும்பு முறியவில்லை. விழுந்து நழுவிய மூட்டும் இல்லை. அப்படியிருந்தால் இழுத்துச் சேர்த்துவிடலாம். இந்த மூட்டு ஒருநாளும் முழுதாகச் சேர்ந்தே இருந்திருக்காது, வழியெல்லாம் அடைத்துக்கிடக்கிறது. பலவந்தமாக இழுத்து நீவினால், தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்கள் நசுங்கி, தலை உள்ளுக்குள்ளேயே கரைந்துபோகலாம். அதற்குப் பிறகு நல்ல அறுவையால்கூட முழுப் பலன் கிடைக்காது. மாமியாரிடம் இதை மட்டும் தயவுசெய்து அழுத்தமாகச் சொல்லுங்கள்.

அடைத்துக்கிடப்பது என்னென்ன? மூட்டைத் திறந்து பார்க்கும்போது வரிசையாகத் தென்படும். முதலில், மூட்டுக்கு முன்னால் ஓடும் சோவாஸ் தசையின் தசைநாண். தலை மேலேறியதால் அது மூட்டு உறையின் குறுக்கே விழுந்து, சுருக்குப்பையின் கயிறு மாதிரி இறுக்கிவிடும். அதனால் உறை நடுவில் ஒடுங்கி உடுக்கை வடிவமாகிறது. தலை ஒரு பக்கம், கிண்ணம் மறுபக்கம், நடுவில் விரல் நுழையாத கழுத்து. உறைக்குள், தலையையும் கிண்ணத்தையும் இணைக்கும் வட்ட நார் நீண்டு தடித்திருக்கும். கிண்ணத்துக்குள் மஞ்சள் கொழுப்பு அடைந்திருக்கும். கிண்ணத்தின் அடிவாயில் ஒரு குறுக்கு நார் சுருங்கி வாயைச் சிறிதாக்கியிருக்கும். கடைசியாக, விளிம்பைச் சுற்றிய குருத்து வளையம் உள்நோக்கி மடிந்திருக்கலாம். இவ்வளவும் இருக்கும்போது மயக்கம் கொடுத்து வெளியிலிருந்து அழுத்திச் சேர்ப்பது இந்த வயதில் பெரும்பாலும் நிற்காது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரைதான் அந்த வழிக்கு நல்ல வாய்ப்பு.

இனி அறுவை. இடுப்பெலும்பு மேட்டுக்குச் சற்றுக் கீழே, ஜட்டிக்கோட்டை ஒட்டி, தோலின் மடிப்போடு சாய்வாக ஒரு கீறல். தழும்பு உடைக்குள் மறைந்துவிடும். அங்கே தொடையின் வெளிப்பக்க உணர்வுக்கான மெல்லிய நரம்பு ஒன்று குறுக்கே வரும், அதை ஒதுக்கிக் காப்பாற்ற வேண்டும். தசைகளுக்கு இடையே புகுந்து மூட்டு உறையை அடைவார்கள். சோவாஸ் தசைநாணைத் தசை அறுபடாமல் விடுவிப்பார்கள். உறையைத் திறந்ததும் அந்த வட்ட நாரைப் பிடித்துக்கொண்டே போவார்கள். கிணற்றுக்குள் இறங்கும் கயிறு மாதிரி அது உண்மையான கிண்ணத்துக்கு வழிகாட்டும். இது முக்கியம். தலை மேலே உராய்ந்த இடத்தில் பொய்க்குழி ஒன்று உருவாகியிருக்கும். அவசரத்தில் அதைக் கிண்ணம் என்று ஏமாந்தால் அறுவையே வீண். பிறகு வட்ட நாரையும் கொழுப்பையும் எடுத்து, கீழ்க் குறுக்கு நாரை வெட்டி வாயைத் திறப்பார்கள். விளிம்புக் குருத்து வளையத்தை மட்டும் வெட்டி எறியக் கூடாது. கிண்ணத்தின் வெளிவிளிம்பு வளர்வது அதை ஒட்டித்தான். மடிந்திருந்தால் நிமிர்த்திவிட வேண்டும்.

தலையை உள்ளே வைத்ததும், கால் எந்த நிலையில் இருந்தால் மூட்டு நழுவாமல் நிற்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கால் நேராக இருக்கும்போதே நின்றால் வேறெதுவும் தேவையில்லை. தொடையை மடக்கி அகட்டினால்தான் நிற்கிறது என்றால் முன்பக்கக் கூரை போதவில்லை. கூரையைத் திருப்ப வேண்டும். உள்பக்கம் திருகினால்தான் நிற்கிறது என்றால் தொடை எலும்பின் கழுத்து முன்னோக்கி முறுக்கியிருக்கிறது. தொடையில் திருத்த வேண்டும். இரண்டு டாக்டர்கள் சொன்னதும் முரண் இல்லை. முதலாமவர் இந்த எக்ஸ்ரேக்கு நிச்சயம் தேவைப்படுவதைச் சொன்னார். இரண்டாமவர் அறுவை மேசையில் முடிவாகப் போவதையும் சேர்த்துச் சொன்னார். எனக்குக் கேட்டால், இரண்டுக்கும் முன்கூட்டியே சம்மதக் கையெழுத்து வாங்கி, பிளேட்டையும் ஸ்க்ரூவையும் தயாராக வைத்துக்கொண்டு உள்ளே போகிறவரை நம்புவேன்.

இடுப்பெலும்பைத் திருப்பும் முறைகளில் அதிகம் புழங்குவது சால்ட்டர் ஆஸ்டியாட்டமி (ஆஸ்டியாட்டமி என்றால் எலும்பை வெட்டித் திருத்துவது). டொரான்டோவில் குழந்தைகள் மருத்துவமனையில் ராபர்ட் சால்ட்டர் 1957-இல் தொடங்கி, 1961-இல் வெளியிட்டது. கிண்ணத்துக்கு மேலே, இடுப்பெலும்பின் பின்பக்கப் பள்ளத்திலிருந்து முன்பக்கமாகக் கிக்லி என்ற கம்பி ரம்பத்தால் எலும்பைக் குறுக்கே அறுப்பார்கள். கீழ்த்துண்டு கிண்ணத்தோடு சேர்ந்து இருக்கும். அதை முன்னும் வெளியுமாகத் திருப்பினால், சரிந்த கூரை தலைக்கு மேலே வந்து மூடும். முன்பக்கம் திறந்த இடைவெளியில், இடுப்பெலும்பு மேட்டிலிருந்தே எடுத்த ஆப்பு வடிவ எலும்புத் துண்டைச் சொருகி, இரண்டு கம்பிகளால் குத்தி நிறுத்துவார்கள். 10 முதல் 15 டிகிரி வரை திருத்தம் கிடைக்கும். உங்கள் மகளின் 40-ஐ 25-க்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், மீதியைக் குழவி சுற்றிச் சரிசெய்யும். கூரை மட்டும் மிகச் சரிந்து கிண்ணமும் அகன்றிருந்தால் பெம்பர்ட்டன் அல்லது டெகா முறை. அதில் எலும்பை முழுக்க அறுக்காமல் வளைத்து இறக்குவார்கள். எது என்பதில் அறுவை நிபுணரின் கைப்பழக்கத்துக்கும் பங்கு உண்டு. பழகிய முறையையே செய்ய விடுங்கள்.

இப்போது உங்களை மிகவும் உறுத்தும் கேள்வி. குட்டைக் காலை ஏன் மேலும் குறைக்க வேண்டும்? கால் குட்டையாகத் தெரிவது தலை மேலேறியதால் என்று பார்த்தோம். இரண்டு வருடமாகத் தலை மேலேயே இருந்ததால் சுற்றியுள்ள தசைகளும் அந்த நீளத்துக்கே சுருங்கிவிட்டன. அப்படியே பலமாக இழுத்து உள்ளே வைத்தால், தசைகள் ஸ்பிரிங் மாதிரி தலையைக் கிண்ணத்தில் வைத்து நசுக்கும். அந்த அழுத்தத்தில் ரத்த ஓட்டம் நின்று தலை கெடுவதுதான் இந்த அறுவையில் எல்லோரும் பயப்படும் விஷயம். அவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்பார்கள். அதற்காகத் தொடை எலும்பில் ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை ஒரு வளையத்தை எடுத்துவிட்டு, முறுக்கையும் திருத்தி, பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவார்கள். எவ்வளவு எடுப்பது என்பது ஊகம் அல்ல. எலும்பை அறுத்துவிட்டுத் தலையைக் கிண்ணத்தில் உட்காரவைத்தால், இரண்டு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்; ஏறிய அளவுதான் எடுக்க வேண்டிய அளவு. எடுத்த துண்டு வீணாகாது, இடுப்பெலும்பில் ஆப்பாகச் சொருக உதவும். தலை கீழே இறங்கியதாலேயே கால் நீளம் கூடிவிடும். எலும்பு கூடும்போது அங்கே ரத்த ஓட்டம் அதிகமாவதால் தொடை எலும்பு வழக்கத்தைவிட வேகமாகவும் வளரும். முந்தைய தலைமுறையில் அறுவைக்கு முன் வாரக்கணக்கில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுத் தசையைத் தளர்த்துவார்கள். எலும்பைக் குறைப்பது அதைவிடப் பாதுகாப்பு. மூன்று வயது தாண்டிய குழந்தைக்கு இது ஏறக்குறைய கட்டாயம். உங்கள் மகளின் வயதில், தலை எவ்வளவு உயரம் போயிருக்கிறது, உள்ளே வைத்ததும் எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்தது.

போகும் முன் சில ஏற்பாடுகள். ஹீமோகுளோபின் பார்த்து, குறைவாக இருந்தால் நான்கைந்து வாரம் இரும்புச்சத்து மருந்து கொடுத்துவிட்டுத் தேதி வாங்குங்கள். எலும்பை அறுக்கும் வேலை என்பதால் ரத்தம் ஒதுக்கி வைக்கச் சொல்வார்கள். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுவது மயக்க மருந்துக்கு நல்லது. திட உணவும் பசும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன், தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். மனம் கேட்காமல் பாட்டி ஒரு வாய் பால் ஊட்டிவிட்டால் அறுவை அன்று நடக்காது. கத்திரி வெயிலைத் தவிர்த்து ஆடிக்கோ ஐப்பசிக்கோ தேதி கேட்கலாமா என்றால், ஒரு மாதம் முன்பின் பரவாயில்லை, வருடக்கணக்கில்தான் கூடாது.

அறுவை முடிந்து கட்டுப் போட்டதும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: மூட்டு சரியாக அமர்ந்திருக்கிறதா என்று சிடி அல்லது எம்ஆர்ஐயில் ஒரு படம். முன்னிருந்து எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் தலை பின்பக்கம் நழுவியிருந்தாலும் சரியாக இருப்பது போலத் தெரியும். இரண்டாம் நாள் கண்டுபிடித்தால் அன்றே சரிசெய்யலாம். ஆறு வாரம் கழித்துத் தெரிந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்தது உங்கள் வேலை. மார்புக்குக் கீழிருந்து இடது பாதம் அல்லது கணுக்கால் வரையும், வலது பக்கம் முழங்கால் வரையும் நீங்கள் கேட்ட மாவுக்கட்டு இருக்கும், ஸ்பைக்கா என்பார்கள். ஆறு வாரம், சிலர் எட்டு, சிலர் நடுவில் ஒருமுறை மாற்றிப் பன்னிரண்டு. வயிற்றுப் பக்கம் ஒரு ஜன்னல் வெட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள், சாப்பிட்டதும் வயிறு உப்ப இடம் வேண்டும். இரண்டு கால்களுக்கும் நடுவே குறுக்குக் கம்பு வைத்திருந்தால் அதைப் பிடித்துத் தூக்காதீர்கள், கட்டு உடையும்.

கட்டு நாசமாவது மூத்திரத்தால்தான். இதற்கு ஒரு உத்தி இருக்கிறது. பிறந்த குழந்தைக்கான சின்ன டயப்பரை வாங்கி, அதன் ஒட்டும் பட்டைகளை வெட்டிவிட்டு, கட்டின் திறப்புக்குள் முன்னும் பின்னும் விளிம்புக்கு அடியில் சொருகுங்கள். அதற்கு மேல் பெரிய சைஸ் டயப்பரைக் கட்டுக்கு வெளியே சுற்றி ஒட்டுங்கள். பெரியதைக் கட்டுக்குள் திணித்தால் ஈரத்தை உள்ளே இழுத்துவிடும். பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவில் இரண்டு முறை மாற்றுங்கள். படுக்கவைக்கும்போது தலைப்பக்கம் சற்று உயரமாக இருந்தால் மூத்திரம் முதுகுப் பக்கம் ஏறாது. விளிம்புகளில் வாட்டர்ப்ரூஃப் டேப்பைப் பூவிதழ் மாதிரி துண்டு துண்டாக ஒட்டிவைத்தால் தோல் உரசாது. பேதியானால் கட்டைக் காப்பாற்றுவது கஷ்டம். இந்த ஆறு வாரமும் வெளிச் சாப்பாடு வேண்டாம். அசையாமல் கிடப்பதால் மலச்சிக்கலும் வரும். தண்ணீர், மலைவாழைப்பழம், ஊறவைத்த உலர்திராட்சை கொடுங்கள். ஒரே வேளையில் வயிறு முட்ட ஊட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை.

ஊட்டும்போது மார்புப் பக்கம் ஒரு துண்டைச் சொருகிவையுங்கள். பருப்புச் சாதமோ பிஸ்கட் துகளோ உள்ளே விழுந்தால் எறும்பு வரும். கட்டுக்குள் எறும்பு கடிக்கும் குழந்தைக்கு எங்கே என்று சொல்லத் தெரியாது, வீறிட்டு அழும். கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பழைய வழிதான், இன்றும் நல்ல வழி. உள்ளே அரித்தால் ஸ்கேல், பென்சில், பின்னல் ஊசி எதையும் விட வேண்டாம். பவுடர், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். பவுடர் வியர்வையில் கட்டியாகித் தோலைப் புண்ணாக்கும். ஹேர் ட்ரையரைக் குளிர்காற்றில் வைத்து விளிம்பில் ஊதலாம், சூடாக அல்ல. குளியல் கிடையாது, துடைத்துவிடுவதுதான். தலைக்கு மட்டும், கட்டில் விளிம்பில் கழுத்தைத் தாங்கிப் பிடித்து மக்கில் ஊற்றலாம். ஒருவர் கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

விழித்திருக்கும்போது இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். மார்புக்கு அடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவைத்தால் கைகள் விடுபட்டு விளையாடுவாள். பெரும்பாலான குழந்தைகள் நான்காம் நாளே பழகிவிடுவார்கள், பெற்றோருக்குத்தான் இரண்டு வாரம் ஆகிறது. குதிகால் படுக்கையில் அழுந்தாமல் கணுக்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு வையுங்கள். இரு சக்கர வண்டியில் கொண்டுபோக முடியாது. மறுபரிசோதனைக்குப் பின்சீட்டு அகலமான வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தினமும் இருமுறை கால் விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள்: வெளுத்து, இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். விரல் நீலமாவது, சில்லிடுவது, வீங்குவது, குழந்தை விரலை அசைக்காமல் இருப்பது, மருந்துக்கும் அடங்காமல் அழுவது, விடாமல் வாந்தி எடுப்பது, கட்டின் ஒரே இடத்திலிருந்து அழுகல் வாடை வருவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே போக வேண்டும்.

கட்டைப் பிரித்ததும் கால் குச்சியாகவும் தோல் செதில் செதிலாகவும் இருக்கும், மூட்டு விறைத்திருக்கும். பயப்பட வேண்டாம். யாரையும் விட்டு இழுத்து மடக்கப் பயிற்சி கொடுக்கவும் வேண்டாம். ஆறு வாரம் அசையாமல் இருந்த எலும்பு மெலிந்திருக்கும்; அந்த நாட்களில் முழங்காலுக்கு மேலே தொடை எலும்பு முறிவது அடிக்கடி காணும் விபத்து. வெதுவெதுப்பான நீர் நிரப்பிய அகன்ற டப்பில் உட்காரவைத்து விளையாட விடுங்கள். அவளே மடக்குவாள், அவளே தவழ்வாள், அவளே எழுந்து நிற்பாள். ஒன்றிரண்டு மாதத்தில் நடப்பாள். விந்தல் உடனே போகாது, தசை பலப்பட ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை எடுக்கும். கம்பிகளை ஆறெட்டு வாரத்தில் சிறு மயக்கத்தில் எடுப்பார்கள். தொடை பிளேட்டை எடுக்க இன்னொரு சிறு அறுவை, சுமார் ஒரு வருடம் கழித்து. அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் தவறுவது உண்டு. மூட்டு மீண்டும் நழுவலாம். ரத்த ஓட்டம் பாதித்தால், ஒரு வருடம் ஆகியும் எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைப் பொட்டு வளராமல் இருக்கும் அல்லது துண்டுதுண்டாகத் தெரியும். கூரை எதிர்பார்த்த அளவு இறங்காமல், நான்கைந்து வயதிலும் 25 டிகிரிக்கு மேலேயே நின்றால் இரண்டாவது அறுவை பற்றி யோசிப்பார்கள். எலும்பு நீள்வதற்கு இடமான வளர்ச்சித் தட்டு ஒரு பக்கம் மட்டும் பாதித்திருந்தால் அது ஒன்பது, பத்து வயதில்தான் வெளியே தெரியவரும். அதனால்தான் நன்றாக ஓடியாடும் பிள்ளையையும் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை, எலும்பு வளர்ச்சி நிற்கும் வயது வரை காட்டச் சொல்கிறோம். எல்லா எக்ஸ்ரேக்களையும் தேதி எழுதி ஒரே உறையில் வையுங்கள். ஒரு படத்தைவிட, கூரையின் அளவு வருடத்துக்கு வருடம் இறங்கும் வரிசைதான் மருத்துவருக்குப் பேசும்.

எங்கே செய்வது? பெரியவர்களுக்கு மூட்டு மாற்றுபவரிடம் அல்ல. குழந்தைகளின் எலும்பு மூட்டு அறுவையையே முழுநேர வேலையாகச் செய்பவரிடம். வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டமான ஆர்பிஎஸ்கேயின் பட்டியலில் இந்த மூட்டு விலகலும் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் பதிந்தால் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், மூட்டைத் திறப்பது, இடுப்பெலும்பு, தொடை எலும்பு, பின்னால் பிளேட் எடுப்பது ஆகியவற்றில் எதெதற்கு அனுமதி கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் தேதி வாங்குமுன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

பிரசவம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு பக்கம் சால்ட்டர் அறுவை செய்துகொண்டது என்பதாலேயே சுகப்பிரசவம் இல்லை என்று ஆகிவிடாது. அந்தச் சமயத்தில் மகப்பேறு மருத்துவர் வழக்கம்போல் அளந்து முடிவு செய்வார். அறுவை விவரம் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் உண்டு. அடுத்த குழந்தைக்கு இது வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு வரை இருக்கிறது. பையனானாலும், தலை திரும்பிப் பிறந்தாலும், ஆறாவது வாரத்தில் இரண்டு இடுப்புக்கும் அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடுங்கள். நான்கு மாதத்துக்கு முன் எக்ஸ்ரே எடுத்தால் தலை இன்னும் குருத்தாகவே இருப்பதால் படத்தில் விழாது. 'நார்மல்' என்று எழுதித் தந்துவிடுவார்கள்.